எல்லாவற்றுக்கும் பாயின்ட் செவன்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெயரைப் போட்டால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாம் "அந்த மனுஷனையா இப்படி எழுதின? எவ்ளோ நல்லவரு" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. நல்லவர்தான். அதுதான் என் வயிற்றெரிச்சலே. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ தலை முழுகியிருப்பேன். அவர் வேலையை விட்டு ஊரோடு போய் உட்கார்ந்த பிறகும், ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துக் காற்று முகத்தில் அடிக்கும்போதுகூட, அவர் ஞாபகம் வந்தால் பல்லைக் கடிக்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது எமர்ஜென்சி விளக்கு செய்கிற ஒரு சின்ன கம்பெனி. கரன்ட் போனால் தானாக எரியும் விளக்கு. விளக்குக்குள் இருக்கும் சர்க்யூட்டை வடிவமைப்பதும் அவர்தான், லைனில் உற்பத்தியை நடத்துவதும் அவர்தான். நான் டெஸ்டிங்கில் இருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. லைனில் இருந்த இருபது முப்பது பெண்களும் கான்ட்ராக்டர் வேனில் வந்து போகிறவர்கள்.

அவருக்கு ஒரு வித்தை உண்டு. எதையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அட்டைப்பெட்டியை ஒரு கையால் தூக்கி, இத்தனை கிலோ என்பார். தராசில் வைத்தால் பக்கத்தில்தான் நிற்கும். போனில் யாரோ "ஹலோ" என்றால் போதும், "இன்னாபா, ஊத்துக்கோட்டையா?" என்று கேட்பார். எதிர்ப்பக்கம் அசந்துபோகும். கேண்டீனில் இட்லியைத் தொடாமலே மாவு புளித்துவிட்டது என்பார். வாயில் வைத்தால் புளிக்கும். பெண்களுக்கெல்லாம் இது ஒரு பொழுதுபோக்கு. "சார், இவ எத்தினி மாசம்னு சொல்லுங்க" என்று பிள்ளைத்தாய்ச்சியை முன்னால் தள்ளுவார்கள். அதையும் சொல்லுவார்.

"பாத்த ஒடனே தெரியலைன்னா, அப்புறம் எத்தினி தபா பாத்தாலும் தெரியாதுபா" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் தலையாட்ட வேண்டும். நானும் ஆட்டியிருக்கிறேன்.

ஆட்டாமல் என்ன செய்வது? குமரேசன் அண்ணன் விஷயத்தைக் கண்ணால் பார்த்தேனே. லோடு ஏற்றுகிறவர். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் வாயுப் பிடிப்பு என்றார்கள். ஒருவன் சோடா வாங்க ஓடினான். எங்கள் சார் தூரத்தில், கேட்டில் வந்துகொண்டிருந்தார். அங்கிருந்தே கத்தினார்.

"டேய், கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல, நெஞ்சு அது! வண்டிய எடுடா!"

தன் காரிலேயே போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் பறந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். குமரேசன் அண்ணன் வீட்டுக்காரம்மா கம்பெனிக்கு வந்து அவர் காலில் விழுந்து அழுதது. எனக்கும் கண் கலங்கியது. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றுகூடத் தோன்றியது.

இப்படி நாலு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் மனுஷனுக்குத் தலைக்கு ஏறிவிடும். அவருக்கு ஏறித்தான் இருந்தது. அது எனக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தும் விழுங்கிக்கொண்டேன்.

நான் இன்டர்வியூவுக்குப் போன நாள் அது. ஃபைலை மேசைமேல் வைத்தேன். முதல் வகுப்பில் பாஸ் பண்ணின சர்ட்டிபிகேட் உள்ளே இருந்தது. அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"அத்திப்பட்டு சார்."

"அத்திப்பட்டுல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்லுவார்கள். இது வழி கேட்கிற கேள்வி இல்லை. "பவர் ஹவுஸ் பக்கம்" என்றேன். அவர் விடவில்லை.

"அப்பா இன்னா பண்றாரு?"

"கான்ட்ராக்ட்ல சாம்பல் லோடு ஏத்துறாரு சார். அதுக்கு முன்னாடி வயல் வேலை."

"ம். புரிஞ்சிபோச்சி." பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் திரும்பினார். "பொண்ணு சுறுசுறுப்பா இருக்குது. கணக்கு கிணக்குலாம் குடுத்து பேஜாரு பண்ணாத. டெஸ்டிங்ல போடு. மீட்டரப் பாத்து எழுதிகினு இருக்கட்டும்."

கணக்கு கிணக்கு. எனக்குக் கணக்கில் வந்த மார்க்கு அந்த மூடின ஃபைலுக்குள் கிடந்தது. ஆனால் அவர் குரலில் எரிச்சல் இல்லை, ஏளனம்கூட இல்லை. ஒரு ஏழைப் பெண்ணுக்கு வழி பண்ணிவிட்டோம் என்ற திருப்தி இருந்தது. வீட்டில் அம்மா அவருக்காக ஜெபம் பண்ணினாள். நான் யாரிடம் போய் என்ன சொல்ல?

திருப்பாச்சூர் பக்கம் அவருக்கு நெல் வயல் உண்டு. தாத்தா காலத்திலிருந்து நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வைத்து வேலை வாங்குகிற குடும்பம். வரப்பில் நின்று பார்த்தே, இவள் நடவுக்கு, இவன் கட்டுத் தூக்க என்று பிரித்துவிடுவார்கள் போலிருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் கம்பெனிக்கும் வந்தார்.

இனிமேல் நடந்ததைச் சொல்ல டயோடு பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், ஒன்றும் கஷ்டமில்லை. டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை. ஒரு பக்கமாகத்தான் விடும். விடும்போதும் சும்மா விடாது. டோல்கேட் மாதிரி கொஞ்சம் வோல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் விடும். எவ்வளவு பிடிக்கும்? பாடப்புத்தகத்தில் எடுத்தவுடன் பாயின்ட் செவன் வோல்ட் என்று போட்டிருப்பார்கள். அது ஒரு சௌகரியத்துக்கு. உண்மையில், ஓடுகிற மின்னோட்டம் குறையக் குறைய டயோடு பிடிப்பதும் குறையும்.

இங்கேதான் சிக்கல். டயோடு எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போட முடியும். எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்ல முடியும். அதனால் முதலில் ஏதோ ஒரு மதிப்பை வைத்துக்கொள்வோம். பாயின்ட் செவன் என்றே வைப்போம். அதைக் கொண்டு மின்னோட்டத்தைக் கண்டுபிடி. அந்த மின்னோட்டத்துக்கு டயோடு எவ்வளவு பிடிக்கும் என்று சூத்திரத்தில் போட்டுப் பார். வேறு விடை வரும். அந்த விடையைத் தூக்கி மறுபடி முதலில் போடு. இன்னொரு விடை வரும். இப்படியே சுற்றிக்கொண்டு வந்தால், ஒரு கட்டத்தில் விடை ஆடாமல் நின்றுவிடும். நின்ற விடைதான் விடை. குழம்புக்கு உப்புப் போடுகிற வேலைதான் இது. போடு, நாக்கில் வைத்துப் பார், இன்னும் கொஞ்சம் போடு. அவர் உப்புப் போடுவார். நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். எல்லா சர்க்யூட்டுக்கும் பாயின்ட் செவன். அதிக மின்னோட்டம் ஓடுகிற இடங்களில் அது சரியாகத்தான் இருந்தது. பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் வினை.

எங்கள் விளக்கில் பேட்டரி ரொம்ப இறங்கிப் போவதற்குள் விளக்கை அணைத்துவிட ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. பேட்டரி ஒரேயடியாக வற்றினால் செத்துப்போகும். பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு டயோடு வழியாகத்தான் அந்த சர்க்யூட் பார்க்கும். அதில் ஓடுவது துளி மின்னோட்டம், துளியிலும் துளி. அங்கேயும் மனுஷன் பாயின்ட் செவனைக் கழித்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். டயோடு பிடித்ததோ அதைவிடக் குறைவு. பேட்டரியில் இன்னும் இருக்கிறது என்று சர்க்யூட் ஏமாந்து, அணைய வேண்டிய நேரத்தில் விளக்கு அணையவில்லை. பேட்டரிகள் வரிசையாகச் செத்தன. விளக்குகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன.

முதலாளி சத்தம் போட்டுவிட்டுப் போன காலை, அவர் ஒரு பழுதான விளக்கைப் பிரித்து என் மேசையில் வைத்தார். பவர் கொடுத்து, டயோடின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். பாயின்ட் ஃபோர் த்ரீ காட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! பாயின்ட் செவன் இருக்கணும். பாதிக்குத்தான் இருக்குது. டயோடு வெந்துபோச்சி. அயர்ன வச்சி அமுக்கிகினே இருந்தா வேகாம இன்னா பண்ணும்? யாரு கை இது?"

"எஸ்தரு சார்" என்றார் சூப்பர்வைசர்.

எஸ்தர் லைனில் டயோடைப் போர்டில் பொருத்தி, அயர்ன் என்கிற சூட்டுக்கோலால் ஈயம் வைக்கிறவள். என் வயதுதான், இரண்டு பிள்ளைக்காரி. வீட்டுக்காரர் இறந்து, அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. வாய் கொஞ்சம் நீளம், என்னை "மீட்டரு மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவள் கை சுத்தமான கை. அவள் ஈயம் வைத்த இடம் சின்னதாக, பளபளவென்று இருக்கும். டெஸ்டிங்கில் அவள் போர்டு என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம். தள்ளமாட்டேன், அது வேறு.

அவளைக் கூப்பிட்டார். வந்து நின்றாள்.

"எந்த ஊரு நீ?"

ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"ஊரா, காலனியா?"

"காலனி சார்."

"நெனச்சேன்" என்றார்.

நெனச்சேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அதோடு விட்டாரா? சிரித்துக்கொண்டே, சுற்றி நின்றவர்களும் சிரிப்பார்கள் என்ற நம்பிக்கையோடு சொன்னார்:

"மம்பட்டி புடிக்கிற கையில அயர்ன குடுத்தா இப்டித்தான் ஆவும்."

யாரும் சிரிக்கவில்லை.  எஸ்தர் சொன்னாள்.

"சார், நான் பொறந்ததுலேந்து மம்பட்டிய தொட்டதில்ல. எங்கம்மா தொட்டாங்க. உங்கள மாதிரி ஆளுங்க வயல்லதான். எங்கையில இன்னா கொற? சும்மா சொல்லாதீங்க, காட்டுங்க."

மீட்டரைக் காட்டினார். பாயின்ட் ஃபோர் த்ரீ. "இதுக்கு மேல இன்னா காட்டணும்?" என்றார். சாயங்காலம் கான்ட்ராக்டரிடம் சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். வேலை போனது ஒரு பக்கம். அந்தக் கான்ட்ராக்டரின் வேன்தான் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிக்குப் போகிறது. "அந்தப் பொண்ணு கை சரியில்ல, டயோட வேக வச்சிடுச்சாம்" என்ற பேச்சு அவளுக்கு முன்னால் வேனில் ஏறிப்போய் எல்லா கேட்டிலும் இறங்கிவிட்டது. எங்கே போனாலும் இடமில்லை என்றார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளை நிறுத்தின அன்றைக்கே ரயிலில் நின்றுகொண்டு போன் கால்குலேட்டரில் கணக்கைப் போட்டேன். ஆறு வோல்ட் பேட்டரி, நூற்றைம்பது கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு டயோடு. பாயின்ட் செவன் என்று ஆரம்பித்தேன். முதல் சுற்றிலேயே பாயின்ட் ஃபோர் த்ரீ டூ. திரும்பப் போட்டேன், பாயின்ட் ஃபோர் த்ரீ ஃபோர். இன்னொரு தடவை போட்டேன், பாயின்ட் ஃபோர் த்ரீ ஃபோர். நின்றுவிட்டது. ரயில் கவரைப்பேட்டையைக்கூடத் தாண்டவில்லை. ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதற்கு முன்னால் இந்த மனுஷன் ஒரு சுற்றுப் போட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் காலை அவர் நாஷ்டா முடித்து வந்ததும் போய் நின்றேன். "சார், டயோடு வேகல. அந்த மின்னோட்டத்துக்குப் பாயின்ட் ஃபோர் த்ரீதான் வரணும்" என்று சூத்திரத்தை எழுதிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. மீட்டர் பார்த்து எழுதுகிற பெண் சூத்திரம் சொல்கிறதே. அவர் ஒன்றும் படிக்காதவர் இல்லை. சூத்திரம் அவருக்கும் தெரியும். கால்குலேட்டரை எடுத்துத் தானே போட்டார். ஆனால் பாயின்ட் செவனை விடாமல் பிடித்துக்கொண்டு போட்டார். டயோடில் பாயின்ட் செவன் நிற்கிறது என்றால் சூத்திரப்படி எவ்வளவு மின்னோட்டம், அந்த மின்னோட்டம் ரெசிஸ்டரில் ஓடினால் எவ்வளவு வோல்ட் என்று தலைகீழாகச் சுற்றினார். விடையைப் பார்த்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"ரெண்டாயிரம் வோல்ட்டு வருதும்மா! ஆறு வோல்ட்டு பேட்டரியில ரெண்டாயிரம் வோல்ட்டு! இங்கேந்து ஒயரு இழுத்தா தொழிற்பேட்டைக்கே கரன்ட் குடுக்கலாம் போலக்கீதே. இதான் உன் சூத்திரமா?"

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"அதத்தான் சார் நானும் சொல்றேன். அந்த டயோடுல பாயின்ட் செவன் நிக்கணும்னா ரெண்டாயிரம் வோல்ட்டு வேணும். நம்மகிட்ட ஆறுதான் இருக்குது. அப்போ பாயின்ட் செவன் நிக்காது. எஸ்தர் வச்சாலும் நிக்காது, நீங்க வச்சாலும் நிக்காது. அந்தப் பக்கமா சுத்துனா விடை ஓடிப்போயிடும் சார். இந்தப் பக்கமா சுத்துங்க, நிக்கும்."

"அதெல்லாம் ஏட்டுல" என்றார்.

"சரி, ஏட்ட வுடுங்க. புது டயோடு எடுத்து நீங்களே உங்க கையால வைங்க சார்."

வைத்தார். அதைச் சொல்ல வேண்டும், பயப்படாமல் வைத்தார். நேரே ஸ்டோருக்குப் போய்ப் புது டயோடு எடுத்துவந்து, சுடாமல் பதமாக ஈயம் வைத்து, பவர் கொடுத்து மீட்டரை வைத்தார். பாயின்ட் ஃபோர் த்ரீ.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். "அடடா" என்றால்கூடப் போதும். அவர் டயோடு பாக்கெட்டை எடுத்து ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த லாட்டே மட்டம்" என்றார். ஸ்டோரில் வந்த சரக்கு மொத்தமும் மோசமாம்.

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன்தான். "லாட்டு மட்டம்னா எஸ்தர் எதுக்கு சார் வெளிய போனா?" என்று கேட்டேன். சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மனுஷன் டீ குடிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில், அந்த சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு சத்தமில்லாமல் மாறியது. எவ்வளவு மாற வேண்டுமோ சரியாக அவ்வளவு. பாயின்ட் செவனைப் பாயின்ட் ஃபோர் த்ரீ ஆக்கினால் என்ன வருமோ அது. உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார், இந்தப் பக்கமாகச் சுற்றி, விடை நிற்கிற வரைக்கும். பேட்டரிகள் சாவது நின்றது. முதலாளி அவரைத் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் அவர் அறைக்குப் போனேன். இந்தத் தடவை கத்தவில்லை.

"சார், ரெசிஸ்டர மாத்திட்டீங்க. அப்போ எஸ்தர் கையில தப்பில்ல. கான்ட்ராக்டர கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவளுக்கு எங்கயும் வேல குடுக்க மாட்டேங்கிறாங்க."

அவர் என்னைப் பாசமாகப் பார்த்தார். பாசமாகத்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"அது வேற, இது வேறம்மா. சர்க்யூட்டு சர்க்யூட்டு. ஆளுன்றது வேற. அந்தப் பொண்ண பாத்த ஒடனே எனுக்குத் தெரிஞ்சிபோச்சி, சரிப்பட்டு வராதுன்னு. நீ நல்ல பொண்ணு, இதுல தலையிடாத."

ஒரு ரெசிஸ்டருக்கு இரண்டாவது தடவை யோசித்தார். ஒரு பொம்பளைக்கு யோசிக்க மாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நடந்ததெல்லாம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது என் மடத்தனம். ஈரத்துணியை வாளியில் அடித்தாள்.

"எங்கை நல்ல கைன்னு நீ கணக்குப் போட்டு எனுக்கு சொல்லணுமாடி? எனுக்குத் தெரியாதா? பதினோரு வருசமா ஈயம் வெக்கிறேன். இத்த எங்கிட்ட இன்னாத்துக்கு வந்து சொல்லிகினு இருக்க? அந்தாளு வாயால சொல்ல வை. அவன் வாயாலதான போச்சி?"

 அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு வழக்கம்போல அவர் வயலில் விளைந்த புது அரிசியை எல்லாருக்கும் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார். தன் கையால் கொடுப்பார், வீட்டில் எல்லாரையும் விசாரிப்பார். நான் வாங்கவில்லை. "ஏம்மா, அரிசி மேல இன்னா கோவம்?" என்று சிரித்தார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. குமரேசன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "உயிரக் குடுத்த மனுசன்மா. இப்டி மூஞ்சில அடிச்ச மாதிரி பண்ணாத" என்று வருத்தப்பட்டார். அவர் சொல்வது அவருக்கு நியாயம். என் நியாயத்தை அவரிடம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அரிசிப் பை என் மேசையிலேயே இருந்தது. யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். லைனில் உட்காருகிற ஒவ்வொருவரும் கோட்டு, தலைக்குக் குல்லா, முகத்துக்கு மாஸ்க் போட வேண்டும் என்று நிபந்தனை. ஆள் பற்றவில்லை. கான்ட்ராக்டர் அகப்பட்டவர்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவர்களை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு போர்டும் நாலு டயோடும் கொடுத்து ஈயம் வைக்கச் சொன்னோம். கண் மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது மேசையில் இருந்த கண் என்னைப் பார்த்து ஒரு தரம் சிமிட்டியது. யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கான்ட்ராக்டர் மறந்துபோய் ஏற்றிவிட்டாரா, வேண்டுமென்றே ஏற்றினாரா, தெரியாது. அவளுக்கு இது போனால் வேறு கேட்டு இல்லை என்பது மட்டும் தெரியும்.

மனுஷன் ஒவ்வொரு மேசையாக வந்தார். முதல் போர்டை எடுத்தார், வைத்தார். "ம்." அடுத்ததை எடுத்தார். "பரவால்ல." மூன்றாவதை எடுத்தவர் நின்றுவிட்டார்.

"இது கை! பாருங்கபா, ஈயம் எப்டி ஒக்காந்துக்கீது. இந்தம்மாவ மொத லைன்ல போடு. பாத்த ஒடனே தெரியுதே. பேரு இன்னாமா?"

அவள் மாஸ்கை இறக்கினாள்.

"எஸ்தரு சார். காலனி."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கீழே வைக்கப் போன போர்டை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கினார். மேசையில் இருந்த பூதக்கண்ணாடி விளக்கைக் கிட்டே இழுத்து, போர்டை அதன் கீழே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனுஷன் ஒரு பொருளை இரண்டாவது தடவை பார்த்ததை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குள் ஒரு பைத்தியக்கார ஆசை வந்தது. சொல்லிவிடப் போகிறார், இப்போதாவது சொல்லிவிடப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்த ஓரத்துல..." என்றார். "ஈயம் கொஞ்சம் கம்மியா இருக்குதே."

 எங்கே கம்மி, காட்டு என்று பாய்ந்துவிட்டேன். எஸ்தர் கையை நீட்டித் தடுத்தாள். "நீ சும்மா இருடி." குரலை உயர்த்தாமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், பாத்த ஒடனே நீங்க சொல்றதுதான் சரின்னு ஊரே சொல்லுது. நீங்களும் அப்டித்தான் சொல்றீங்க. பாத்த ஒடனே எங்கை நல்ல கைன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. அப்புறம் பேரக் கேட்டீங்க, ஈயம் கம்மியாப்பூடுச்சி. நான் இங்கேந்து எழுந்துக்க மாட்டேன். எழுப்பணும்னா, எங்க கம்மின்னு இவங்க எல்லாருக்கும் காட்டிட்டு எழுப்புங்க."

லைனில் இருந்த பெண்கள் யாரும் தலையைக் குனியவில்லை. அவர் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் எங்கேயோ பார்த்தார்.  

எஸ்தர் அவர் கையிலிருந்த போர்டை மெதுவாக வாங்கி, முடிந்த பக்கம் வைத்தாள். மாஸ்கை ஏற்றிக்கொண்டாள். அவர் நகராமல் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவளுக்கு அடுத்த அடுக்குப் போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.